முள் நிமிர்ந்தால் அரை டேங்க்

வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் அந்த மனிதருக்கு எதையும் அது பாட்டுக்கு விட்டுவைக்கத் தெரியாது. வீட்டு அழைப்பு மணியை மாற்றினார். இப்போது அதை அழுத்துகிறவர்களே அலறிப் பின்வாங்குகிறார்கள். கைதட்டினால் எரியும் விளக்கைக் குளியலறையில் மாட்டினார். மனைவி துணியை அடித்துத் துவைத்தால் அது அணைந்து அணைந்து எரிகிறது. கழற்றிய பழைய சாமானை மட்டும் எறிய மனசே வராது. எல்லாம் பெட்டிகளில் ஏறி, மாமனார் படுக்கும் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இப்படிப்பட்டவர் மாமனாரின் காரை மட்டும் சும்மா விடுவாரா?

ஒரு கம்பெனி முதலாளிக்கு மாமனார் ஆயுசெல்லாம் ஓட்டிய கார் அது. கம்பெனியை மூடியபோது, வேறெதுவும் வேண்டாம், இதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவி போனபின் மகள் வீட்டோடு வந்துவிட்டவருக்கு, தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு அதில் ஒரு சுற்றுப் போய்வருவதுதான் வாழ்க்கை. டாஷ்போர்டில் கறுப்பு வட்டங்களுக்குள் தடித்த வெள்ளை முட்கள். "முள்ளு நிமிர்ந்தா அரை டேங்க், படுத்துட்டா பங்க்குக்குப் போ" என்பார். அவருடைய டிரைவர் பாஷை என்று வீட்டில் சிரிப்பார்கள்.

மீட்டர்களைப் புதுசாக மாற்றித் தருகிறேன் என்று மருமகன் சொன்னபோதெல்லாம், வேண்டாம், பழகிப்போச்சு என்றே அவர் சொல்லிவந்தார். மருமகன் அதை வயசான பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார். மாமனார் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, டேங்கை வடித்து, புது சென்சார் பொருத்தி, கொஞ்சம் பெட்ரோலை மட்டும் திரும்ப ஊற்றி, முட்கள் இருந்த இடத்தில் நீல எண்களை மின்னவைத்தார். தன் கைவேலையை உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார். காருக்கு அது தேவைப்படவில்லை. பழைய மீட்டர்கள் எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தன.

திரும்பிவந்த மாமனார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அந்தப் புதுத் திரையை விரலால் தடவினார். பிறகு, நல்லாயிருக்கு என்றார். மருமகன் பக்கத்திலும் மகள் பின்சீட்டிலும் ஏறிக்கொள்ள, வண்டி பெரிய சாலைக்கு வந்தது. பாராட்டு போதாத மருமகனுக்கு வாய் நமநமத்தது. வேகம் எவ்வளவு என்று கேட்டார். நாற்பது என்று சரியாகச் சொன்னார் மாமனார். இன்ஜின் சத்தமே அவருக்கு அதைச் சொல்லிவிடும்.

"பெட்ரோல் மாமா?"

"அரை டேங்க்."

ஊருக்குப் போகுமுன் அவர் விட்டுப்போன கணக்கு அது. திரையில் மூன்று லிட்டர் என்று பளிச்சென்று எரிந்தது. மருமகன் சிரித்துக்கொண்டே, நன்றாகப் பாருங்கள் என்றார். மாமனார் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோக, வண்டி ஓரத்துக்கு இழுத்தது. பின்சீட்டிலிருந்து மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அப்பா, வண்டிய நிறுத்துங்க."

நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வைதான் மிச்சம், இனி எந்த ஆபரேஷனும் உதவாது என்றார் கண் டாக்டர். இவரை யார் ஓட்டவிட்டது என்று கோபித்துக்கொண்டார். அன்றே மகள் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அவள் செய்தது சரி. தெருவில் ஒரு குழந்தை குறுக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருமகனுக்கும் தெரியும். ஆனாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நல்லது நடந்துவிட்டதுதான், ஆனால் அவர் நல்லது நினைத்துச் செய்யவில்லையே. தன் சாமர்த்தியத்தைக் காட்டப் போய், ஒரு மனிதரை அவர் பெற்ற மகள் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டார். மாமனார் சொல்லிவந்த அந்த 'வேண்டாம்' ஒரு கெஞ்சல் என்பது இப்போதுதான் உறைத்தது. மாமனார் இன்னமும் காலையில் குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, அந்தப் பழைய மீட்டரெல்லாம் எங்க?"

மருமகன் தரையைப் பார்த்தார். "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன் மாமா."

பல நாளுக்குப் பிறகு மாமனார் சிரித்தார்.

"ஒரு திருகாணியத் தூக்கிப் போட மனசு வராது உங்களுக்கு. இருக்கும், இங்கதான் எங்கயாவது இருக்கும்." சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "எங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மறுபடி மாட்டச் சொல்லி, சாவியக் கேட்டுருவேன்."

சரி மாமா என்றார் மருமகன். கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவரின் குதிகாலுக்குப் பின்னால்தான் மீட்டர்களைப் போட்டுவைத்த பெட்டி இருந்தது.