ஜீப்பில் மலையேறிய சாணி

எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியில் நான் ஆசிரியராக இருந்தபோது, சாண எரிவாயு அலுவலர் ஒருவரின் ஜீப்பில் அடிக்கடி மலையேறுவேன். மெலிந்த மனிதர். சட்டைப்பையில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் எரிவாயு அடுப்பருகே குனிந்து, வாயு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பார்.

பெரும்பாலும் வராது. மலையில் மாடுகளை வீட்டில் கட்டுவதில்லை. விளைநிலத்திலேயே பட்டி போட்டு அடைப்பார்கள். சாணி மண்ணுக்குப் போய்விடும். அரசாங்க மானியமோ சாண எரிவாயுக் கலன் கட்ட மட்டும்தான்.

ஒருநாள் ஜீப்பின் பின்னால் டிரம் டிரம்மாகச் சாணி இருந்தது. அடிவாரத்தில் வாங்கியதாம்.

"டெல்லியிலேருந்து பார்க்க வர்றாங்க சார். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே திட்டம்தான். எரியலைன்னா நான்தான் பதில் சொல்லணும்."

வருகிறவர்களை ஏமாற்ற இவ்வளவு பாடா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மாதம் முழுக்க ஒரு வீட்டுக்குச் சாணி சுமந்தார். வந்தவர்கள் நீலச் சுடரைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். சாணியும் நின்றது.

சில வாரம் கழித்து அவரோடு அந்த வீட்டுக்குப் போனேன். விறகடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரம்மா கேட்டார்:

"ஏனுங்க, அந்த டெல்லிக்காரங்க மறுபடி எப்பங்க வருவாங்க? அவங்க வந்தப்பத்தானுங்க கண்ணு எரியாம சோறாக்குனேன்."

அலுவலர் பழக்கப்படி குனிந்து, அணைந்து கிடந்த எரிவாயு அடுப்பில் காதை வைத்தார். கேட்க அங்கே ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நிமிர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.