மூன்று சாக்கும் ஒரு லீக்கேஜும்

ஷார்ஜாவில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் எனக்கு வாட்ச்மேன் வேலை. கூட்டுவது, பல்பு மாற்றுவது, குழாய் பார்ப்பது எல்லாம் அதில் சேர்த்தி.

மொட்டை மாடியில் தண்ணீர் இறங்க மூன்று ஓட்டை உண்டு. கோடையில் மணல் காற்று அடிக்கும். மணல் குழாய்க்குள் இறங்கினால் இறுகிவிடும். அதனால் வெயில் ஏறும்போதே பழைய அரிசிச் சாக்கைச் சுருட்டி மூன்றிலும் அடைத்துவிடுவேன். கரப்பானும் ஏறாது. குளிர் தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும். இங்கே மழை என்றால் குளிரில்தான். வந்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

அந்த வருடம் நான் எடுக்கவில்லை. அதற்கு முந்தின இரண்டு குளிரிலும் தூறல்கூட இல்லை. முட்டியும் வலித்தது. எங்கே பெய்யப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மேல் மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் புருஷன் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். உயரத்திலிருந்து விழுந்து முதுகு போய்விட்டது. படுக்கைதான். அவருக்காக மோட்டார் வைத்த கட்டில் வாங்கியிருந்தார்கள். பட்டனை அழுத்தினால் தலைப்பக்கம் தூக்கும். சிஸ்டர் டியூட்டிக்குப் போன நேரம் அவர் தானாக நிமிர்ந்து கஞ்சி குடிக்க அந்தக் கட்டில்தான் வழி. கட்டில் வந்த வாரமே வீட்டுச் சாமானுக்கு இன்சூரன்ஸும் போட்டார் சிஸ்டர்.

குளிர் தொடங்கியபோது இன்சூரன்ஸ்காரர்கள் அவர் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார்கள். மழைக்கு முன் ஜன்னல் இடுக்கை அடையுங்கள், மாடி ஓட்டையைப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள் என்று. ஜன்னலுக்கு நான் சிலிக்கான் பசை போட்டுக் கொடுத்தேன்.

“மேல ஓட்டையெல்லாம் பாத்தியளா அண்ணே?”

“அதெல்லாம் பாத்தாச்சு சிஸ்டர்.”

அப்படித்தான் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாயில் வந்தது.

மழை ஒரு காலையில் பிடித்தது. பத்து மணிக்கு ரோட்டில் கார் மிதந்தது. சிஸ்டர் மேலிருந்து கத்தினார். ஓடினேன். கட்டிலுக்கு நேர் மேலே, லைட் இருக்கும் இடத்தில் கூரை வழியாகத் தண்ணீர் கொட்டியது. மெயினை அணைத்துவிட்டு, புருஷனைப் போர்வையோடு தூக்கி ஹாலில் கிடத்தினோம். அவர் நனைந்த முகத்தோடு சிரித்தார்.

“மழயப் பாத்து மூணு வருசம் ஆச்சு பாய். அதான் அதுவே என்னப் பாக்க வந்துட்டு.”

நான் மாடிக்கு ஏறினேன். முழங்கால் அளவு தண்ணீர். தடவிப் பிடித்து மூன்று சாக்கையும் உருவினேன். தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது. சாக்குகளைத் தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால் தள்ளினேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான்.

கட்டில் மோட்டார் கருகிவிட்டது. சிஸ்டர் போனில் இன்சூரன்ஸ் பாரம் நிரப்பினார்.

“என்னன்னு எழுத அண்ணே?”

“லீக்கேஜ்னு போடுங்க.”

இங்கே எங்களுக்கு எல்லாமே லீக்கேஜ்தான். ஏசி சொட்டினாலும், குழாய் உடைந்தாலும், கூரை ஒழுகினாலும் அந்த ஒரு வார்த்தை. அவரும் அப்படியே எழுதினார்.

அன்று முதல் தினமும் மதியம் நான் மேலே போய் சிஸ்டர் புருஷனைத் தூக்கி உட்கார வைத்தேன். சிஸ்டர் டியூட்டியில் இருப்பார், வேறு ஆள் இல்லை. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கும்போது என் முட்டி நொடிக்கும்.

“நீரும் ஒரு மோட்டாருதான் ஓய்,” என்பார். “சத்தம் மட்டும் கொஞ்சம் கூட.”

நான் சிரிக்கமாட்டேன். தலையணையைச் சரி செய்துவிட்டு இறங்கிவிடுவேன்.

இரண்டு வாரம் கழித்து இன்சூரன்ஸிலிருந்து பார்வையிட ஒருவர் வந்தார். பாகிஸ்தான்காரர். கூரையைப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தார். என்னிடம் ஹிந்தியில் கேட்டார்.

“லீக்கேஜ், கித்னே தின் ஸே பாய்?”

எத்தனை நாளாக ஒழுகுகிறது என்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கணக்கில் லீக்கேஜ் என்றால் நாள் கணக்காகச் சொட்டுவது. கவனிக்காமல் விட்டது. அதற்குக் காசு இல்லை. ஒரே நாள் மழைக்கு உண்டு.

“லீக்கேஜ் நஹி. பாரிஷ். ஏக் தின்,” என்றேன். லீக்கேஜ் இல்லை, மழை, ஒரு நாள்.

அவர் நம்பவில்லை. மாடிக்கு ஏறினார். சிஸ்டரும் வந்தார். மூன்று ஓட்டையும் துடைத்த மாதிரி இருந்தன. ஓட்டை சுத்தமாக இருந்தால் தண்ணீர் நிற்காது, நிற்காத தண்ணீர் ஒரு நாளில் கூரைக்குள் இறங்காது, இது பழைய ஒழுகல்தான் என்று சொல்லி எழுதப் போனார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

டேங்க்குக்குப் பின்னால் போனேன். மூன்று சாக்கையும் எடுத்து வந்து அவர் காலடியில் போட்டேன். காய்ந்து விறைத்திருந்தன. ஒன்றை எடுத்து ஓட்டையில் வைத்துக் காட்டினேன். சரியாகப் பொருந்தியது.

“கிஸ்னே?” என்றார். யார் செய்தது என்று.

“மைனே,” என்றேன். நான்தான்.

அவர் சாக்கை வைத்து ஒரு போட்டோ, எடுத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். தவறு கட்டடத்துக்காரர்களுடையது, குடியிருப்பவருடையது இல்லை என்றார்.

படியிறங்கும்போது சிஸ்டர் சொன்னார்: “பாத்தாச்சுன்னு சொன்னியளே அண்ணே.”

“ஆமா.”

சாக்குகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன்.

கட்டட ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். வேலை போகவில்லை. ஆனால் அந்த வருட லீவ் போய்விட்டது. ஊருக்குப் போன் செய்து அடுத்த வருடம் வருகிறேன் என்றேன். ஏன் என்று வீட்டில் கேட்டதற்கு, மழை என்றேன்.

இன்சூரன்ஸில் புதுக் கட்டில் வந்தது. அதுவரை மதியம் போவதை நான் நிறுத்தவில்லை. சிஸ்டர் ஒரு மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை. ஆனால் புருஷன் கஞ்சிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கிண்ணம் மூடி வைத்திருப்பார்.

அடுத்த குளிருக்கு மெசேஜ் வந்தது. சிஸ்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு தானே மாடிக்கு ஏறினார். நான் பின்னால் போனேன். மூன்று சாக்கையும் அவர் முன்னாலேயே உருவினேன்.

“அப்படியே கையில வச்சிட்டு நில்லுங்க அண்ணே. ஓட்டையும் தெரியணும், நீங்களும் தெரியணும்.”

நின்றேன்.

“மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வைங்க. இன்சூரன்ஸுக்குப் போற படமாக்கும்.”

இப்போது வருடா வருடம் அந்தப் போட்டோ உண்டு.