நாற்பது ஜிபியும் ஒரு கோட்டும்

போன வாரம் புது லேப்டாப் வாங்கினேன். திறந்ததுமே அது மகா பணிவாக, பழையதில் உள்ளதையெல்லாம் கொண்டுவந்து வைக்கட்டுமா என்று கேட்டது. சரி என்று அமுக்கிவிட்டுச் சாயா குடித்து வந்தேன். எல்லாம் வந்திருந்தது. ஐந்து வருடம் முன்பு வேலை கேட்டு எழுதி, அனுப்ப வெட்கப்பட்டு வைத்த கடிதம் உட்பட. கேட்டேனா நான்?

பழையதை மூடி வைக்கும்போது அதன் பக்கவாட்டிலிருந்து சுட்ட தூசியின் மணம் வந்தது. அந்த மணம் வந்தால் எனக்குத் தக்கலைதான். 2006 வாக்கில் அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டரில் நான் ஆபரேட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தூசியெல்லாம் செருப்பு போட்டுக்கொண்டுதான் வரும் என்று முதலாளி செல்வின் அண்ணன் உறுதியாக நம்பினார். கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு கூடைத் தூசி இருக்கும்.

ஞானஸ்நான கார்டு, கல்யாண கார்டு, கண்ணீர் அஞ்சலி என்று மனிதனை விடாமல் பின்தொடரும் கடை அது. கண்ணீர் அஞ்சலியில் எனக்குத் தனி மவுசு. கம்ப்யூட்டரில் மூன்று கோட்டு வைத்திருந்தோம்: கறுப்பு, நீலம், காப்பிப்பொடி நிறம். செத்தவர் படத்தில் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு ஒன்றை மாட்டிவிடுவேன். வாழ்நாளெல்லாம் பனியனோடு திரிந்த எத்தனையோ பேர் இந்த மூன்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் மோட்சம் போனார்கள். டை இலவசம்.

மரியபுஷ்பம் அக்கா முட்டத்திலிருந்து வந்தார். மீன் விற்கிறவர். கணவர் ததேயு நெஞ்சுவலியில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, திருப்பலிக்கு வைக்கப் படம் வேண்டும் என்றார். வீட்டில் இருந்ததே ஒரு படம்தான். முட்டம் கடற்கரைப் பாறையைப் படமெடுக்க வந்த யாரோ வெள்ளைக்காரர் எடுத்து அனுப்பியது. தலையில் துண்டு, பனியன், வள்ளத்தில் சாய்ந்துகொண்டு வாய் கொள்ளாத சிரிப்பு.

செல்வின் அண்ணன் எட்டிப் பார்த்தார். "செத்தவரு இப்பிடி சிரிச்சா நல்லாருக்காது மக்கா. வாய மூடிரு."

மூடினேன். அரைநாள் வேலை. துண்டை எடுத்து, முடி வைத்து, வேறொருவர் உதட்டைக் கடன் வாங்கி ஒட்டி, நீலக் கோட்டை மாட்டினேன். கடலுக்குப் போனவர் பேங்க் மேனேஜராகத் திரும்பி வந்தார். அக்கா கையிலிருந்த படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்காரு," என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட புத்திசாலி நான்.

சில மாதத்தில் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. நாற்பது ஜிபி. புதிதாக எண்பது வாங்கினோம். மாற்றும் பொறுப்பு என் தலையில். செல்வின் அண்ணனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று.

"எனக்க மீனு அப்பிடியே வரணும், கேட்டியா?"

சும்மா விட்டால் திரையில் மீன் நீந்துமே, அதுதான். ஐகானெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்றும் உத்தரவு. எது எங்கே என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டேன். சர்வேயர் தோற்றார் போங்கள்.

காப்பி போட்டால் நான்கு மணி நேரம் ஆகும் என்றது. கொஞ்சம் கழித்துப் பன்னிரண்டு நிமிடம் என்றது. அப்புறம் ஒன்பது மணி நேரம். எங்கள் ஊர் பஸ் கண்டக்டர்கூட இப்படிப் புளுகமாட்டார். நடுவில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை எரிச்சலோடு பார்த்தேன். பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது 'ஸ்கேன்' என்ற ஃபோல்டர். ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த படங்கள், கோட்டு போடுவதற்கு முன்னால் இருந்தபடியே. கோட்டு போட்டதுதான் 'ஃபைனல்' ஃபோல்டரில் இருக்கிறதே, இந்தக் குப்பை எதற்கு? விட்டுவிட்டேன். மீன் வந்தது. ஐகான் வந்தது. யார் ஏற்றியது என்றே தெரியாத ஐந்நூறு பாட்டு வந்தது. பழைய டிஸ்கை சுத்தமாக அழித்து நாகர்கோவிலில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தோம். நான் கெட்டிக்காரன் என்று செல்வின் அண்ணன் எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா வந்தார். கையில் அந்தப் பழைய படம். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். உப்புக்காற்றின் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ள, பிரித்தபோது முகம் முழுக்க உரிந்துவிட்டது.

"ஒங்க கம்ப்யூட்டர்ல கெடக்கும்லா மக்கா? கோட்டு போட்டது இருக்கு. எனக்கு இந்தச் சிரிக்குத படந்தான் வேணும்."

தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து மூடினேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கடைசியில், "வைரஸ் தின்னுட்டு அக்கா," என்றேன். அந்தக் காலத்தில் ஆபரேட்டர்கள் செய்த பாவத்தையெல்லாம் வைரஸ்தான் சுமந்தது.

"அதுக்கு என்ன மக்கா தெரியும், பாவம்," என்றார் அக்கா. வைரஸை மன்னித்துவிட்டு முட்டம் பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் நாகர்கோவிலுக்கு ஓடினேன். டிஸ்க் என்றோ கைமாறிவிட்டது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்போது அந்த சென்டர் இல்லை, செல்போனுக்கு உறை விற்கிறார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு முட்டம் போனவன், அக்கா வீட்டிலும் தலைகாட்டினேன். சுவரில் நீலக் கோட்டு. "தாத்தா எந்த ஆபீஸ்ல இருந்தாரு?" என்று பேத்தி என்னிடமே கேட்டாள். இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ அந்தப் படத்த நல்லா பாத்தவன்லா மக்கா. சிரிச்சா அவருக்க மேல்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சு தெரியும். அது வலத்த இருந்துதா, இடத்த இருந்துதா? எனக்கு எவ்வளவு யோசிச்சும் வரமாட்டேங்கு."

அரைநாள் உட்கார்ந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி, அந்த வாயை ஒவ்வொரு பல்லாக மூடினவன் நான்.

"இடத்த பக்கம் அக்கா," என்றேன். எனக்கும் தெரியாது.