காமாட்சியக்கா வலை பிரித்த நாள்

சுற்றுலாப் படகை நான் தனியாக ஓட்டிய முதல் நாளே எஞ்சின் நின்றுவிட்டது. திருகோணமலை உட்துறைமுகத்தின் நடுவில், பதினொரு பயணிகளோடு.

அதுவரை சல்லிக் கிராமத்தில் மீன்பிடித்தொழில் செய்தவன் நான். படகின் முதலாளி கிண்ணியாவைச் சேர்ந்தவர், ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அன்று காலை இறங்குதுறையில் வைத்தே சொன்னார்: "மீனுக்குக் கதை சொல்லத் தேவையில்ல. ஆக்களுக்குச் சொல்லோணும். வாயைத் திறந்து கதைங்க."

வந்தவர்கள் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்கள். பலர் கடலையே முதன்முறையாகப் பார்க்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டும்போதே ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பு. அவர்களில் மூத்தவர் காமாட்சி, ஐம்பது வயதிருக்கும். படகு புறப்பட்டதும் கையை நீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புதான்டி!" என்று கத்தினார். பிறகு மற்றப் பத்துப் பேரும் ருசி பார்க்கவேண்டியதாயிற்று.

ஓர்ஸ் ஹில் குன்றின் வீடுகளையும் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களையும் காட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் இருக்கும் சிறு தீவொன்றின் பக்கம் திரும்பினேன். எஞ்சின் இருமுறை இருமி நின்றது. எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால், யாரோ கைவிட்ட தங்கூசி வலை, நைலான் இழையில் பின்னியது, புரொப்பெல்லரில் கயிறாக முறுகிக் கிடந்தது. தென்மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று எங்களைத் தீவின் பாறைகளை நோக்கித் தள்ளியது. ஓடிப்போய் நங்கூரத்தை இறக்கினேன். கொஞ்சம் இழுபட்டுப் பிடித்தது.

ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன்.

"மற்ற போட் கிண்ணியாப் பக்கம் நிக்குது. அனுப்புறன், ஆனா அரை மணித்தியாலம் செல்லும். ஆக்களைப் பயப்பட விடாதீங்க."

கத்தியை எடுத்து வெட்டினேன். தங்கூசி வழுக்கியது, என் விரல்தான் வெட்டுப்பட்டது. பின்னால் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. காமாட்சியக்கா எழுந்து வந்தார்.

"தம்பி, முனை எங்க இருக்குன்னு பாக்காம வெட்டுனா இன்னும் இறுகும். தள்ளுங்க, நான் பாக்குறேன்."

"வேண்டாம் அக்கா, விழுந்திடுவீங்கள். உங்களுக்கு இது ஏலாது."

"மலைச் சரிவுல கூடையோட நிக்கிறவங்க நாங்க. இவளுக என்னைப் பிடிச்சுக்குவாளுக."

நான் மறுக்க வாயெடுத்தபோது படகு ஒருமுறை குலுங்கியது. நங்கூரம் மறுபடி இழுபடத் தொடங்கிவிட்டது. எனக்கு வேறு வழியில்லை, கத்தியை அவர்களிடம் கொடுத்தேன். எஞ்சின் தவறியும் இயங்காதபடி சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடி, கயிற்றை இன்னும் நீளமாக விட்டேன். நங்கூரம் கடலடியில் பிடித்துக்கொண்டது. பாறைகளில் அலை மோதும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நாலு பெண்கள், நான் கேட்காமலே, என்னோடு கயிற்றைப் பிடித்தார்கள்.

பின்னால் இருவர் காமாட்சியக்காவின் லைஃப் ஜாக்கெட் வாரைப் பிடித்திருக்க, அவர் குனிந்து இரு கைகளாலும் வலையைத் தடவினார். அப்படி வேகமான விரல்களை நான் கிழிந்த வலை பொத்தும் ஆட்களிடமும் கண்டதில்லை. முனையைக் கண்டுபிடித்தார். "இங்க ஒரு வெட்டு... இங்க ஒண்ணு," என்றார். பக்கத்தில் நின்றவள் வெட்டினாள். மூன்றே வெட்டு. சீப்பில் சிக்கிய முடிபோல வலை முழுதாகக் கையோடு வந்தது.

சாவியைப் போட்டு எஞ்சினைத் தட்டினேன். பிடித்துக்கொண்டது. பதினொரு பேரும் குலவை போட்டார்கள். துறைமுகத்தில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதேயில்லை.

"இப்ப கரைக்குப் போவமா அக்கா?"

"எதுக்கு? முதல்லேருந்து சுத்துங்க. பயத்துல பாதியப் பாக்கல."

நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி சுற்றினேன். எங்களைக் காப்பாற்ற வந்த படகின் ஓட்டி, கைகாட்டிப் பாடிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றான்.

இறங்குதுறையில் ஹாஜியார் காத்திருந்தார். "நான் கழற்றல்ல, இந்த அக்காதான்," என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் காமாட்சியக்காவிடம் கேட்டார்: "நாளைக்கு வேலைக்கு வாறீங்களா?"

"வரலாம் ஐயா. கொழுந்து பறிக்க நீங்க போவீங்களா?"

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது.

இப்போது படகு ஓட்டப் பழக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏறுகிறவர்களை எண்ணுவதோடு விடாதீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த நாளுக்குப் பிறகு நான் கேட்காமல் படகை எடுத்ததேயில்லை. தச்சர், தாதி, தையற்காரி, எல்லோரும் சந்தோசமாகச் சொல்வார்கள். நடுக்கடலில் நமக்குத் தெரியாதது ஒன்று அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.