எதிர்காற்றில் தோற்றேன்

சனிக்கிழமை காலைகளில் அமீரகத்தின் ராஸ் அல் கைமா பக்கம் கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் கூடுவோம். ஒவ்வொருவராகக் கார் ஓட்ட வேண்டும். யாருடைய உச்ச வேகம் அதிகம் என்பதுதான் போட்டி. தோற்றவர், ஜெயித்தவரின் கார்க் கண்ணாடியில் அந்த வேகத்தை மார்க்கரால் எழுத வேண்டும். எனக்குப் பரம எதிரி ஹமத். உள்ளூர்க்காரன். கார் என்னுடையதைப் போலவே பழசு. வாய் மட்டும் என்னைவிட நீளம்.

அன்று அவன் முதலில் ஓட்டினான். நான் கிளம்புவதற்குள் காற்று திசை மாறி எதிரே அடித்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. எரிச்சலோடு போய் அவன் வேகத்தை எழுதினேன்.

அவன் அதை உள்ளங்கையாலேயே துடைத்துவிட்டான்.

"மாஃபி சிஸ்டர், இது செல்லாது! என்னைக் காற்று தள்ளிவிட்டது. யல்லா, இதே எதிர்காற்றில் ரெண்டு பேரும் மறுபடி ஓட்டுவோம்."

ஓட்டினோம். மறுபடியும் நான்தான் தோற்றேன், மயிரிழையில். அவனுக்கும் முன்னைவிடக் குறைந்த வேகம்தான். அதைக் கண்ணாடி முழுக்கக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் பக்கத்து சீட் பையன், "ஜெயிச்சீங்களா அக்கா?" என்றான்.

"தோத்துட்டேன்ப்பா. யார்கிட்ட தோத்தேன்னு கேளு" என்றேன்.