பருப்பு வேகும் வரை

மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் சபைக்கு ஐம்பது வருடம் நிறைந்த அன்று, ஆராதனைக்குப் பிறகான அசன விருந்துக்கு நான்தான் பொறுப்பு. அஞ்சாவதோடு பள்ளியை விட்டவனிடம் இதைக் கொடுத்தார்களே என்று ஒரு வாரமாகச் சாமான் பட்டியலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சமையலுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆள் அழைத்திருந்தேன். அவர் கீழே சமவெளியில் வேகிற கணக்கில் பருப்பை உலையில் போட்டுவிட்டார். உள்ளே பிரசங்கம் முடியப்போகிறது, பருப்போ கல்லாகவே கிடந்தது.

பூண்டி மலைக்கிராமத்திலிருந்து பூண்டு கொண்டுவந்தவர் அடுப்போரம் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். கம்பளிக்குள் திருநீறு பூசிய முகம் மட்டும் தெரிந்தது. பேசும்போதெல்லாம் கட்டைவிரல் நகத்தால் ஒரு பூண்டுப் பல்லை உரித்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க பதறுறீங்க? மலையில பருப்பு மெதுவாத்தான் வேகும். உங்க பாதிரியார இன்னும் ரெண்டு பாட்டு பாடச் சொல்லுங்க."

"அத எப்படிங்க போய்ச் சொல்றது?"

"அம்பது வருசம் நின்ன கோயிலு, அரை மணி நேரம் நிக்காதா? வெரசா போங்க. அடுப்ப நான் பாத்துக்கிறேன்."

போதகர் காதில் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூத்தவர்களை ஒவ்வொருவராக, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல அழைத்தார். சொன்னவர்களும் அழுதார்கள், கேட்டவர்களும் அழுதார்கள். கடைசி ஆள் உட்காரும்போது பருப்பு மசிந்திருந்தது.

அப்படி மனம் நிறைந்த ஆராதனை நடந்ததே இல்லை என்று இன்றும் சபையில் போதகரைப் புகழ்கிறார்கள். நான் ஜெபத்தில் பூண்டுக்காரரையும் சேர்த்துக்கொள்கிறேன். அவர் பெயரைக் கேட்டுவைக்கவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும்.