ஏரிக்கரை ஊரில் ஆறாம் மாதம்

மகளுக்கு ஆறாம் மாதம். போன வருஷம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனதால், இந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதுகூட இல்லை. அவளும் மாப்பிள்ளையும் மும்பைப் பக்கம் ஐரோலியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். மணிலாவுக்கு மாற்றல் வந்தது. நகரத்திலேயே இருப்பார்கள் என்று நினைத்தால், வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி இரண்டு மணி நேரம் தள்ளி, ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லும் மாதம் வருவதற்குள் அவளை மும்பைக்கு, எங்கள் செம்பூர் வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் ரசப்பொடியும் நார்த்தங்காயும் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போனேன்.

ஊர் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏரி நடுவே ஒரு மலை இருந்தது. அது எரிமலை என்பதை மூன்றாம் நாள்தான் என்னிடம் சொன்னார்கள். எப்போதாவது புகையும், சாம்பல் விழும், அப்போது வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். மழைக்காலத்தில் மும்பையில் சயான் பக்கம் தண்ணீர் தேங்கும் என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரி. அன்றிலிருந்து காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் மலையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வலி எடுக்கிற நேரத்தில் புகைந்தால் என்ன செய்வாய் என்று தினமும் கேட்டேன். ஊரில் இருப்பது ஒரு சுகாதார நிலையமும் ஒரு மருத்துவச்சியும். ஆஸ்பத்திரி ஒரு மணி நேர தூரம். மகள் சிரித்தாள். "நம்ம ஊர் ரெஃபைனரியைப் பக்கத்துல வெச்சுண்டுதானேம்மா நீ என்னைப் பெத்தே?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை எதிர்க்கரையில் இருந்த அவளுடைய சிநேகிதி சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். படகில்தான் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தது. வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். டாக்டரே போகலாம் என்று சொன்னதாக அவள் சொன்னாள். ஒடுங்கிய படகு, கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கில் தாங்கி. கரை சேர்ந்து கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று படகுக்காரர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது காற்று எழும்பியது. தண்ணீர் முகத்தில் அடித்தது. படகு ஏறி ஏறி விழுந்தது. அவள் வயிற்றுக்குள் என்ன ஆகிறதோ என்று நினைத்து, தெரிந்த ஸ்லோகங்களையெல்லாம் முன்பின்னாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ கண்ணை மூடி அசதியில் சாய்ந்திருந்தாள்.

கரையில் படகுத்துறை தெரிந்தது. முப்பது வருஷம் மும்பை லோக்கல் ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஆபீஸ் போய் வந்தவள் நான். செம்பூரில் இறங்க வேண்டுமானால் குர்லாவிலேயே எழுந்து, பையைத் தோளில் மாட்டி, வாசலுக்கு நகர்ந்துவிட வேண்டும். உட்கார்ந்திருந்தால் அடுத்த ஸ்டேஷன் கோவண்டிதான். படகுத்துறையைப் பார்த்ததும் என் கால் என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது. பையை மாட்டினேன். மகளின் கையைப் பிடித்து, "எழுந்திருடி, வந்தாச்சு" என்று இழுத்தேன். தூக்கக் கலக்கத்தில் அவளும் எழுந்துவிட்டாள். படகுக்காரர் பின்னாலிருந்து கத்தினார். அதற்குள் படகு துறைக் கம்பத்தில் இடித்தது. நான் பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முன்னால் இருந்த பலகையின் விளிம்பில் வயிறு படக் குப்புற விழுந்தாள்.

சுகாதார நிலையம் கூப்பிடு தூரம். படகுக்காரரும் இன்னொருவரும் அவளைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். நான் பின்னால் ஓடினேன். ரத்தப்போக்கு இல்லை, ஆனால் குழந்தை அசையவே இல்லை என்று அவள் சொன்னாள். மருத்துவச்சி வயிற்றில் களிம்பு தடவி, துடிப்பு கேட்க, கையில் அடங்கும் ஒரு கருவியை வைத்தாள். கரகரவென்று சத்தம்தான் வந்தது. இடம் மாற்றினாள். மறுபடியும் கரகரப்பு. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுளே, என்னை எடுத்துக்கொள் என்று மனசுக்குள் கத்தினேன்.

நான்காவது இடத்தில் குழந்தையின் துடிப்பு கேட்டது. படபடவென்று, நிற்காமல். மருத்துவச்சி சிரித்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். என் கையும் அவளுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வந்து, என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டார். கால் வழுக்கிவிட்டது என்று மகள் சொன்னாள். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. அவர் மருந்து வாங்கப் போனபோது அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை, குரல்கூட உயரவில்லை.

"அம்மா, நான் செம்பூருக்கு வரலை. இங்கேயே பெத்துக்கறேன்."

எரிமலை, மருத்துவச்சி, ஒரு மணி நேர தூரம் என்று பதினைந்து நாளாகச் சொன்னது எல்லாம் வாயில் வந்து நின்றது. அவள் சொல்வதுதான் சரி என்று எனக்கே பட்டது. அன்றைக்கு நான் பட்ட பயங்களிலேயே பெரிய பயம் அதுதான்.